எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடை

வெர்லீன் ஸ்டான்சில் பயந்தவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அவள் கணவன் ஹாய்ட் இறைச்சி வெட்டும்போது விரலைத் துண்டித்துக்கொண்டான். அந்த விரலை ஐஸில் போட்டுக்கொண்டு, அவனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவள் அவள். அவர்களுடைய மளிகைக்கடையில் பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். பள்ளிக்கூடத்துக் கூரை விழுந்த அந்த வருஷம்தான் அவள் பயந்து பார்த்தேன்.

ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் மூன்றாம் வகுப்பின் கூரை இறங்கியது. பிள்ளைகள் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்ததால் தப்பினார்கள். வெர்லீனின் மகள் கெல்சி உட்காரும் நாற்காலிமேல் ஒரு உத்தரம் கிடந்தது. வெர்லீன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தூக்கும் வயதைத் தாண்டிய பெண் கெல்சி.

சரிசெய்யப் பணமில்லை என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் எது விற்றாலும் டாலருக்கு ஒரு சென்ட் பள்ளிக்கூடத்துக்குப் போகும். நாங்களே ஓட்டுப் போட்டு வைத்துக்கொண்ட வரி. ஆனால் சனிக்கிழமையானால் ஊரே ஆற்றுப்பாலம் தாண்டி, அடுத்த மாவட்டத்துப் பெரிய கடைகளுக்குப் போய்விடும். எங்கள் சென்ட்டில் அவர்கள் பள்ளிக்குப் புது விளையாட்டரங்கம் எழுந்தது. எங்கள் பிள்ளைகளையும் வரும் வருஷம் பஸ்ஸில் அங்கேயே அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. மரம் ஏற்றிய லாரிகள் தலைதெறிக்க ஓடும் சாலை அது. போன வருஷம்தான் அதில் ஒரு குடும்பமே போனது.

அந்த நேரத்தில் அட்லாண்டாவிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. நெடுஞ்சாலை முனையில் இருந்த பருத்தி நிலத்தில் பெரிய கடை கட்ட மாவட்டச் சபையிடம் அனுமதி கேட்டது. சபையில் ஐந்து பேர். இருவர் சரி என்றார்கள், இருவர் கூடாது என்றார்கள். ஐந்தாவது ஆள் வெர்லீன். அந்தக் கடை வந்தால் எங்கள் சென்ட் எங்கள் பள்ளிக்கே சேரும்; ஆனால் அவள் கடை நிற்காது.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மத்தியான வேளைகளில் ஒரு சாம்பல் நிற டிரக் எதிரே வந்து, என்ஜினை அணைக்காமல் நிற்கும். சற்று நேரம் கழித்துப் போய்விடும். வெர்லீன் கெல்சியைத் தனியாகப் பஸ்ஸுக்கு நடக்கவிடுவதை நிறுத்தினாள்.

ஹாய்ட் ஒருநாள் எலும்பு வெட்டிக்கொண்டே கேட்டான். "நம்ம கடைக்கு நீயே குழி தோண்டப் போறியா?"

"தெரியல ஹாய்ட். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமா இருக்கு."

என்னிடம் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொன்னாள். நான், "மிஸ் வெர்லீன், நீங்க அந்தக் கடையை வரவிட்டாத்தானே இந்த ஊர்ல தேடுறதுக்கு ஒரு வேலை இருக்கும்?" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் அந்த டிரக்கிலிருந்து ஆள் இறங்கி உள்ளே வந்தான். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த லமார். வெர்லீன் கல்லாவுக்குப் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"தினமும் வர்றேன். உள்ள வரத் துணிச்சல் இல்ல," என்றான். "அது வந்தா என் கடை போயிடும், வெர்லீன். இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"என் கடையுந்தான் போகும், லமார்."

அவன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான். வெந்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் சாயங்காலம் சபை கூடும் கோர்ட் கட்டடத்தில் நிற்க இடமில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், "தன் கல்லாவைத்தான் காப்பாத்துவா, வேணும்னா பாருங்க," என்றான். தலைவர் பெயரைக் கூப்பிட்டதும் வெர்லீன் எழுந்து நின்றாள். கையைத் தூக்கினாள். வாயால் சொல்ல வேண்டும் என்றார் தலைவர்.

"சரின்னு எழுதிக்கோங்க."

வெளியே வந்து செடியோரம் வாந்தி எடுத்தாள். நான் அவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரிய கடை வந்தது. அடுத்த கிறிஸ்துமஸ்வரைகூட ஸ்டான்சில் கடை தாங்கவில்லை. ஹாய்ட் பெரிய கடையிலேயே இறைச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அங்கே கல்லாவில் உட்கார்ந்தேன். லமார் கடையை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போனான். போகும்போது வெர்லீனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரையும் இரண்டு வகுப்பறைகளும் எழுந்தன. நெடுஞ்சாலை முனையில் ஒரு மருந்துக்கடை, ஒரு பல் டாக்டர், பெட்ரோல் பங்க் எல்லாம் வந்தன. லாரிச் சாலையில் எங்கள் பிள்ளைகள் யாரும் போக வேண்டியிருக்கவில்லை. வெர்லீன் அடுத்த தேர்தலில் தோற்று, பள்ளிச் சமையலறையில் வேலைக்குப் போனாள்.

பயம் மட்டும் அவளை விடவில்லை. பெரிய கடையின் வண்டி நிறுத்தம் காலியாகத் தெரிந்தால் என்னிடம் வந்து விசாரிப்பாள். ஒருமுறை சொன்னாள்: "அன்னிக்குப் பயந்தப்ப முடிவு என் கையில இருந்துச்சு. இப்ப நம்மளப் பாத்தே இராத ஒருத்தன் கையில இருக்கு."

போன மாதம் அந்தக் கம்பெனி சில ஊர்க் கடைகளை மூடுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் பள்ளிச் சமையலறைக்கு ஓடினேன். மாவுக் கையோடு வெர்லீன் என் முகத்தையே பார்த்தாள். எங்கள் ஊர் அதில் இல்லை என்றேன். அவள் கவிழ்த்து வைத்திருந்த பால் கூடையின்மேல் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.