விக்கல் இல்லாத பத்து நிமிடம்

புதுக் கணினி நேற்றுத்தான் மேசையில் ஏறியது. லினக்ஸைப் போட்டேன், மைக்கைச் சொருகினேன், பேசினேன். குரல் ஒரு விக்கல்கூட இல்லாமல் அப்படியே காதில் வந்து விழுந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். இதே சுத்தமான ஒலிக்காக மலையில் அட்டைக்கடி வாங்கியவள் நான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் அகப்பட்டீர்கள்.

டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்குக் கொடுத்த வரிசை வீடுதான் எங்கள் லயம். அதில் ஒரே அறை, ஒரு காம்பரா, அம்மாவும் நானும். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், மூடினால் அடுப்புப் புகை வெளியே போகாது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் நின்று, சங்கடத்தோடுதான் சொன்னார்.

"அக்கா, செக்ரோல்ல வீட்டுக்கு ஒரு பேராச்சும் இருக்கணும். நீங்க வரலன்னா பாப்பா பேர குடுங்க. ரெண்டும் இல்லன்னா காம்பராவ கேப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

அவர் போனபிறகு நாலு சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப்பதிவுதான் செக்ரோல். கொழுந்து பறிப்பதை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஒருமுறை போனால் திரும்பி வர வழியிருக்காது என்ற பயம்தான்.

எனக்கிருந்த ஒரே வழி ஓர் அணில். பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கு வீட்டிலிருந்தே தமிழில் குரல் கொடுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பனி ஆள் தேடியது. மாதிரிக்குப் பத்து நிமிடம், அணிலின் வாயசைவோடு பேசி அனுப்ப வேண்டும். நடுவில் ஒலி ஓர் இடத்தில் விக்கினாலும் எடுக்கமாட்டார்கள். பள்ளிக்கூட நாடகங்களில் எனக்கு எப்போதும் ராட்சசி வேஷம்தான். அப்படிப்பட்டவள் அணிலானேன்.

ஹட்டனில் கணினி திருத்தும் அண்ணன் என் பழைய மடிக்கணினியைப் புரட்டிப் பார்த்தார். "விண்டோஸ இது இழுக்காது தங்கச்சி. லினக்ஸ் போட்டுத் தாரேன், மிச்சத்த நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

அந்த மிச்சம்தான் மூன்று வாரத்தைத் தின்றது. கணினி ஒலியை வாளி வாளியாக அள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி பெரிதென்றால் என் குரல் எனக்கே பிந்தி வரும். அணில் வாயை மூடிய பிறகு நான் பேசிக்கொண்டிருப்பேன். சிறிதென்றால் அள்ள நேரம் போதாமல் 'படக்' என்று விக்கும். லயத்தில் சிக்னல் கிடையாது. ஒவ்வொரு விக்கலுக்கும் மேல்மலைக்கு ஏறி, போனில் தேடி, கட்டளைகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, அட்டைகளை உதறிவிட்டு இறங்கி வந்து தட்டச்ச வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திரும்ப மலை. வைஃபையை அணைத்தேன். கரண்டை மிச்சம்பிடிக்கக் கணினி தன் வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தை நிறுத்தி, எந்நேரமும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். ஒலிக்கு முதலிடம் கிடைக்க, செக்ரோலில் சேர மறுத்த என் பெயரைக் கணினியின் 'ஆடியோ' குழுவில் சேர்த்தேன். விக்கல் நிற்கவில்லை.

பிழை என்னுடையது. பெயரைச் சேர்த்தபின் ஒருமுறை வெளியேறித் திரும்ப நுழைந்தால்தான் கணினி அதை ஏற்கும். அந்த ஒரு வரியை மட்டும் நான் கொப்பியில் எழுதவில்லை. திரும்பத் தொடங்க நேரமெடுக்கும் என்று மூடியை மட்டும் மூடித் திறந்துகொண்டிருந்தேன். ஐந்து நாள் வீண். ஒரு பகல் கரண்ட் போனது. பொல்பிட்டியவில் மலைத் தண்ணீரை விழவைத்துக் கரண்ட் எடுக்கிறார்கள், எங்கள் லயத்துக்கு வரத்தான் அதற்கு மனமில்லை. பேட்டரியும் செத்துக் கணினி அணைந்தது. இருக்கிற எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். கரண்ட் வந்ததும் மறுபடி தொடங்கிப் பேசினால், ஒரு விக்கல் இல்லை.

விக்கல் போனதும் அம்மாவின் குரல் கேட்கத் தொடங்கியது. அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை. பக்கத்துக் காம்பரா மாரியாயியிடம் சீனி கேட்டாலும் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும். எந்தப் பதிவைக் கேட்டாலும் அணிலுக்குப் பின்னால் அம்மா.

"கத்தாதீங்கம்மா."

"நான் எங்க கத்துனேன்? பேசத்தானே செஞ்சேன்."

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைய பதிவையும் அழித்துவிட்டு, அழுதுகொண்டே சொன்னேன்: "ஒங்க வாயாலதான் நாம இங்கயே கெடந்து சாகப் போறோம்."

அம்மா எழுந்தார். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் றப்பர் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய்த் தூறலில் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தார். பத்து நிமிடமும் சுத்தமாகப் பதிந்தது.

மேல்மலைக்கு ஏறி அதை அனுப்பினேன். வேலை கிடைத்தது. காம்பராவை விட்டுக்கொடுத்துவிட்டு ஹட்டனில் ஒரு மேல்மாடி அறைக்கு வந்தோம். நான் மேசையில் உட்கார்ந்தாலே சத்தம் கேட்கக்கூடாதென்று அம்மா செருப்பைக் கழற்றிவிடுவார். சும்மா படம்தான் பார்க்கிறேன் என்றாலும் வாய் திறக்கமாட்டார். மேல்மலைக்கு ஏறி நின்று போன் எடுக்கும் மாரியாயியோடு குசுகுசுவென்று பேசுகிறார். "என்னாடி, ஒண்ணும் கேக்கல" என்று அந்தப் பக்கம் மாரியாயி கத்துவது எனக்குக் கேட்கிறது.

"சத்தமா பேசுங்கம்மா" என்றேன் ஒருநாள்.

"பழக்கம் விட்டுப்போச்சு பாப்பா" என்றார்.

பழைய கோப்புகளை எல்லாம் திறந்து கேட்டுப் பார்த்துவிட்டேன். எதிலாவது, பின்னாலிருந்து, சீனி கேட்டுக் கூப்பிடும் அம்மா தப்பியிருப்பாரா என்று. இல்லை. அம்மாவின் குரல் கேட்ட ஒவ்வொரு பதிவையும் அன்றன்றே அழித்திருக்கிறேன்.