மறுபடியும் காய்ச்சிய தண்ணீர்

என் தங்கையின் கணவரைத் தெருவில் எல்லோரும் "சக்கை" என்றுதான் கூப்பிடுவார்கள். மண்டிக்குப் போய், முத்து உதிர்த்த மக்காச்சோளச் சக்கையை மூட்டை மூட்டையாக அள்ளி வருகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவருக்குக் கோபமும் வராது. மூத்த குழந்தை போனதிலிருந்து கோபம், சிரிப்பு, பசி எதுவுமே ஒழுங்காக வருவதில்லை. "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றால், "இருக்கேன்க்கா." அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் தெரியாமல் இல்லை. அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமல் பால்மாவு கரைத்துக் கொடுத்தார்கள். எங்கள் கிணற்றைச் சுற்றி வயல். உரத்தின் நைட்ரேட் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று யார் கண்டது? பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றதும், இந்த மனுஷன் பயந்துபோய்த் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினார். உதடும் நகமும் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிள்ளை தங்கவில்லை. காய்ச்சினால் கிருமிதான் சாகும், நைட்ரேட் போகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்!

அதற்கப்புறம் அவர் அடுப்பில் தண்ணீர் வைத்ததே இல்லை. தங்கை வைத்தால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த ஆய்வுக்கூடத்திலேயே, நைட்ரேட்டை வடிகட்டும் தூள் செய்கிற வேலைக்குச் சேர்ந்தார். சக்கையை அரைக்க வேண்டும், காரக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். அப்புறம் நைட்ரேட்டைப் பிடித்து நிறுத்துகிற சக்தியை அந்தத் தூளுக்குக் கொடுக்கும் மருந்தில் போட்டுச் சூடாக்கி, வாடை போகும்வரை அலசிக் குழாயில் அடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் சட்டையெல்லாம் சோளத்தூள். "அந்தச் சக்கையையே கட்டிக்கிட்டிருக்கலாமே தம்பி!" என்று சீண்டினேன். சிரிக்கவில்லை.

போன வாரம் தங்கைக்குப் பெண் பிறந்தது. பழைய கதையேதான், பால் போதவில்லை. ஆய்வுக்கூடத்து மேடம் வீட்டுக்கே வந்து, தூள் அடைத்த குழாயொன்றைச் சமையலறையில் மாட்டினார்.

"நைட்ரேட் இதுல நின்னுடும். மருந்து எதுவும் தண்ணியில இறங்கல, பார்த்தாச்சு. ஆனா இது கிருமியைப் பிடிக்காது. காய்ச்சித்தான் குடுக்கணும்," என்றார்.

காய்ச்ச வேண்டும் என்றதும் இந்த மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

மேடம் போனதும் குழந்தை வீறிட்டது. குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில் சோதனைத் தாளை முக்கினார். நைட்ரேட் இருந்தால் சிவக்கும் தாள் அது. வெள்ளையாகவே இருந்தது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரமாக நின்றார்.

"குடுங்க தம்பி, நான் வைக்கிறேன்."

"வேணாம்க்கா. நானே வைக்கிறேன்."

வைத்தார். வாசலுக்குப் போகவில்லை. தளதளவென்று கொதித்ததும் அணைத்தார். ஆறியபின் இன்னொரு தாளை முக்கினார். அதுவும் சிவக்கவில்லை. அப்பாடா என்று எனக்குத்தான் மூச்சு வந்தது.

பாலைக் கரைத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். குழந்தை குடித்துமுடிக்கும்வரை அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செக்கச்செவேல்னு இருக்கு பாருங்க தம்பி. இப்பவாவது நிம்மதியா?"

"பெரியவனுக்கும் முதல்ல இப்படித்தான்க்கா இருந்துச்சு," என்றார்.