ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

என் கணவருக்கு வாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கியா பார்ம் என்ற மலையூருக்கு மேலே எங்கள் கோஸ் தோட்டம். அவருடைய பழைய ஜீப்பை இப்போது நான்தான் ஓட்டினேன். வாரம் ஒருமுறை கைகால் பயிற்சிக்கு அவரைக் கீழே தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிப்போவேன்.

ஒரு வியாழக்கிழமை, விடிய விடியப் பெய்த மழையில் ஜீப் கிளம்பவில்லை. ஈரநாளில் அவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். காயிலில் இருந்து வரும் மின்சாரம் அந்த மூடியின் நடுவில் இறங்கும். உள்ளே சுழலும் ரோட்டர் அதை வாங்கி, சுற்றியுள்ள நான்கு வயர்களுக்கும் முறைவைத்துக் கொடுக்கும். அதன்படி ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி விழும். மூடிக்குள் ஈரம் கோத்தால் பொறி வழியிலேயே கசிந்துவிடும்.

துடைக்கிற அவசரத்தில் மூன்று வயர்களை உருவிவிட்டேன். முதல் சிலிண்டரின் வயர் மட்டும் மூடியில் நின்றது. மற்றவற்றைத் தோன்றியபடி செருகினேன். டப்பென்று வெடித்து அடங்கியது.

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். "வயரையெல்லாம் கழட்டிட்டேன்லா. எது எங்கன்னு தெரியல" என்றேன். அவரிடம் சொல்லவில்லை, புலம்பினேன்.

அவர் இடது கையைத் தூக்கினார். ஒரு விரல். மூன்று. நான்கு. இரண்டு. பிறகு விரலால் காற்றில் இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டார்.

"சிலிண்டர் வரிசையா? இப்படிச் சுத்தியா?"

கண்ணை மூடித் திறந்தார்.

அப்படியே செருகினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் அதே கட்டிலருகே நின்று போனில் அக்காவிடம் சொல்லியிருந்தேன்: "அவருக்கு ஒண்ணும் புரியலக்கா. இப்படிக் கெடக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்லது."

அவரை ஏற்றிக்கொண்டு போகும் வழியில், பிரிஞ்சாங் தாண்டும்போது கேட்டேன். "அக்காகிட்ட நான் பேசினது காதுல விழுந்துச்சாங்க?"

அவர் ஜீப்பின் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது.

ஓரமாக நிறுத்தினேன். "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். கியர்மேல் இருந்த என் கையை, இடது கையை நீட்டி இறுக்கிப் பிடித்தார். மன்னித்தாரா, தன்னை விட்டுவிடாதே என்று கெஞ்சினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேச்சு திரும்பவே இல்லை. இன்னும் ஏழு மாதம்தான் இருந்தார். பார்க்க வருகிறவர்கள் என்னிடம் தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள். "அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லி, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போடுவேன்.