ஹேமர் ஓய்ந்த பகல்

தேசப்பன் செய்த நிலநடுக்கக் கருவி, நிலநடுக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டியது. கூட்ஸ் வண்டி போனால் காட்டும். தண்ணீர் லாரி பள்ளத்தில் இறங்கினால் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் அப்பா சுப்பராயன் வேலை செய்யும் ஃபோர்ஜிங் கம்பெனியின் ஹேமரை, அந்த ராட்சத இயந்திரச் சம்மட்டியைக் காட்டும். பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் அது விழும் ஒவ்வொரு அடியும், காலனி வரைக்கும் தரைக்குள்ளேயே நடந்து வந்து, திரையில் சீப்புப் பல்லாக நிற்கும்.

நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் பட்டம் அவனுடையது, பி.எஸ்சி. இயற்பியல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் அவனுக்கு இரவு ஷிப்டு, ஒப்பந்த வேலை. படித்த படிப்புக்கும் அந்த வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படித்ததை வீணாக்கவில்லை என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ளத்தான் புழக்கடையில் இடுப்பளவு குழி தோண்டி கான்கிரீட் போட்டான். அதன்மேல் ஓர் இரும்புச் சட்டம், அதில் கேட்டுக் கதவுபோல் பக்கவாட்டில் ஆடும் கம்பி, கம்பி நுனியில் எடைக்கல். தரை அசைந்தால் சட்டமும் கூடவே அசையும். கல் மட்டும் சோம்பேறியாக இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த வித்தியாசத்தை, பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் நடுவே தொங்கும் செப்புக்கம்பிச் சுருள் மின்சாரமாக்கி, பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்புக்கு அனுப்பும்.

திரையில் விழுந்த முதல் அதிர்வுக் கோட்டை, நிலநடுக்க ஆர்வலர்களின் இணையக் குழு ஒன்றில் பெருமையாகப் போட்டான். "தம்பி, இது பூகம்பம் இல்லை, ஃபேக்டரி" என்று ஒருவர் சிரிக்கும் பொம்மையோடு பதில் போட்டார். அது அவனுக்கு முள்ளாகத் தைத்தது. ஒரே ஒரு நிஜ நடுக்கம் சிக்கினால் போதும் என்று காத்திருந்தான். ஆனால் அந்த ஹேமர் மூன்று ஷிப்டும் ஓடியது. கம்பி உதறிய உதறலில் தொலைதூர நடுக்கமெல்லாம் சந்தைக்கடையில் பேசிய ரகசியம்போல் காணாமல் போனது.

"இன்னா சயின்டிஸ்ட்டு, இன்னிக்காவது பூமி ஆடுச்சா?" என்பான் எட்வர்ட். பக்கத்து வீட்டுக்காரன், சுப்பராயனோடு அதே ஹேமரில் வேலை.

"நீங்க ஆட்றத நிறுத்துனாதானே அது ஆட்றது தெரியும்" என்பான் தேசப்பன்.

சுப்பராயனுக்கு மட்டும் அந்தச் சீப்புப் பல்லில் ஒரு மயக்கம். வேலை முடிந்து வந்ததும், கையில் ஏறிய கரியை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "என் அடி வந்துச்சாடா?" என்று கேட்பார். அம்மா கன்னியம்மாவுக்கு அது கடிகாரம். முதல் ஷிப்டு விடும்போது ஹேமர் கொஞ்ச நேரம் ஓயும். "நின்னுச்சாடா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டு, நின்றது என்றால் மீனைக் கல்லில் போடுவாள். அவர் சைக்கிளை நிறுத்தவும் மீன் சிவக்கவும் சரியாக இருக்கும்.

ஆயுத பூஜைக்கு எல்லாக் கம்பெனியும் ஓய்ந்தது. சுப்பராயன் ஹேமரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முதலாளி கையால் பூசணிக்காய் உடைத்ததைப் பார்த்துவிட்டு, பொரியும் ஸ்வீட் பாக்கெட்டுமாக வந்தார். வருஷத்தில் தரை அடங்கிக் கிடக்கும் நாட்கள் அவைதான். தேசப்பன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை. விடுமுறை முடிந்த காலையில், சுப்பராயன் இருட்டோடு சோற்றுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

பெயிண்ட் கம்பெனி முந்தின இரவே திறந்துவிட்டதால், இரவு ஷிப்டு முடிந்து வந்த தேசப்பன் டீ டம்ளரோடு திரைமுன் உட்கார்ந்தான். அப்போதுதான் கோடு நடுங்கியது. ஓய்ந்து, மறுபடி பெரிதாக நடுங்கியது. பிறகு நீளநீளமான அலைகள், ஒவ்வொன்றும் மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழ்ந்தன.

"மா! வந்துடுச்சு!"

"யார்ரா?"

"பூகம்பம்!"

"ஐயையோ, உன் வாயில மண்ணப் போட" என்று கரண்டியோடு தெருவுக்கே ஓடிவிட்டாள் கன்னியம்மா.

"இங்க இல்லமா, கடலுக்கு அந்தாண்ட, ரொம்ப தூரம்."

இணையத்தில் பார்த்தான். இடமும் நேரமும் ஒத்துப்போயின. உடனே குழுவில் படத்தைப் போட்டான். அலை அடங்கிய பிறகுதான் உறைத்தது. அடங்கிய கோடு பாய் விரித்ததுபோல் கிடந்தது. விடுமுறை நேற்றோடு முடிந்துவிட்டதே, ஹேமரின் சீப்புப் பல் எங்கே?

எட்வர்டுக்குப் போன் போட்டான்.

"நானே பண்ணலாம்னு இருந்தேன்டா. கேட்ல பூட்டு. நோட்டீஸ் ஒட்டிகீறான். ஆர்டர் இல்லியாம், மொத்தமா மூடிட்டானுங்க."

"நைனா எங்க?"

"வேப்பமரத்தாண்ட நின்னுக்கினு இருந்தாரு. வா மாமா, போலாம்னேன். 'எப்பவும் போற நேரத்துக்குத்தான் போவேன். கன்னிகிட்ட மூச்சு வுடாத. வேற கம்பெனில கேட்டுப் பாக்குறேன், அதுவரிக்கும்'னாரு. இந்த வயசுல யார்றா சேத்துப்பான்?"

தேசப்பன் டீயைக் கீழே வைத்தான். ஆடை படிந்து போயிருந்தது. இத்தனை மாதமாக எது நின்று தொலைய வேண்டும் என்று நினைத்தானோ, அது நின்றுவிட்டது.

மதியம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "நின்னுச்சாடா?"

"நின்னுடுச்சுமா."

மீன் கல்லில் விழுந்து பொரியும் சத்தம் கேட்டது. அது சிவந்த நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தமும் கேட்டது. சுப்பராயனின் சட்டையில் காலையில் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது.

"யப்பா, இன்னிக்கி இன்னா லோடு தெரியுமா. இடுப்பே வுட்டுப்போச்சு" என்றார். என் அடி வந்துச்சா என்று கேட்கவில்லை.

"அத்த வுடு. உன் புள்ள பூகம்பத்தயே புட்சி வச்சிகிறான், வந்து பாரு" என்று கன்னியம்மா அவர் கையைப் பிடித்துத் திரைமுன் நிறுத்தினாள். தினமும் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. பெரிய அலையைத் தாண்டி அது வெறும் கோட்டில் போய் நின்றது.

"இன்னாடா இது? உங்கொப்பன் அடி ஒண்ணக்கூட காணோம்?"

சுப்பராயன் திரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் அவன் அதற்குமுன் கண்டதில்லை. தேசப்பனின் சட்டைப் பையில் போன் விட்டுவிட்டு அதிர்ந்தது. குழுவிலிருந்து வாழ்த்துகளாக இருக்கும். அவன் எடுக்கவில்லை.

"மிஷினு கெட்டுப்போச்சுமா."

"அப்ப காலைல பூகம்பம்னு குதிச்சியே?"

"அதுவும் தப்பு. ஒயர் லூசு."

"நல்லா படிச்ச போ. தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டேன், இனி எவ மூஞ்சில முழிக்கிறது" என்று அவள் உள்ளே போனாள்.

தேசப்பன் லேப்டாப்பை மூடினான். சுப்பராயன் புழக்கடைக் குழாயடியில் குனிந்து, கரியே படியாத கையில் சோப்புத்தூளைக் கொட்டித் தேய்க்க ஆரம்பித்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மிஷினு ஓடலன்னா நாளைக்கு எப்பய்யா மீனப் போட்றது?" என்று உள்ளிருந்து கேட்டாள் கன்னியம்மா.

"எப்பவும்போல வந்துடுவேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.