சுட்ட கல்லும் ஒரு மேசைவிரிப்பும்

ரஞ்சினி பதினேழு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். வென்ட்வேர்த்வில்லில் என் பக்கத்து வீடு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். அதனால்தான் எங்கள் நூலக வரலாற்றுக் குழுவில் அவள் எழுந்து நின்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றைய பேச்சு சுட்ட கல் மேடுகளைப் பற்றியது. அயர்லாந்திலும் பிரித்தானியாவிலும் ஓடைக்கரைகளில், நெருப்பில் வெடித்த கற்கள் மூவாயிரம் வருடத்துக்கு மேலாகக் குவிந்து கிடக்கின்றன. பக்கத்தில் ஒரு தொட்டி. கல்லைச் சுட்டுத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். எதற்கு என்பதுதான் முடியாத வழக்கு. சமைக்க, குளிக்க, பியர் காய்ச்ச என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

"உடுப்புத் தோய்க்கவும் இருக்கலாம்" என்றாள் ரஞ்சினி.

ஓய்வுபெற்ற பொறியாளர் நரசிம்மன் சிரித்தார். "இறைச்சி வேக வெச்ச இடம்மா அது. உங்க வேலையை இதுக்குள்ள கொண்டு வராதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஒருவருக்குத்தான் இடம்; நரசிம்மனும் அதைக் கேட்டிருந்தார். ரஞ்சினி அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் கோபப்படவில்லை. "ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டுக்கு வாங்கோ அங்கிள். செய்து பாப்பம்" என்றாள்.

குளிர்கால வெயில். பின்வளவில் பழைய குளியல்தொட்டி நிறையத் தண்ணீர். ரஞ்சினியின் கணவர் இரத்தினசிங்கம் விறகு நெருப்பிலிருந்து கற்களை மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போட்டார். இருபதாவது கல்லுக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பார்க்க வந்திருந்த குழுவினர் எல்லோரும் கை தட்டினோம்.

இறைச்சிக்காக வாதாடிய நரசிம்மன் கொண்டுவந்தது ஒரு பை உருளைக்கிழங்கு. மனுஷர் சுத்த சைவம்! கிழங்கு நன்றாகவே வெந்தது. தோலை உரித்து, மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுத் தின்றோம். அவருக்குத்தான் ஒரு குறை.

"கல்லுல ஒட்டின சாம்பலெல்லாம் தண்ணியில இறங்கிடுச்சே!"

"அந்தச் சாம்பல்தான் அங்கிள் எனக்கு வேணும்."

போன கூட்டத்தில் வடை எண்ணெய் ஊறிப்போன எங்கள் குழு மேசைவிரிப்பை அவள் தொட்டியில் அமுக்கினாள். இன்னும் பத்துக் கல் போடச் சொன்னாள். அரை மணி நேரம் தடியால் கிண்டி, அலசித் தூக்கினாள். எண்ணெய் போன இடம் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

நனைந்த விரிப்பு பாரமாகத் தொங்கியது. ஒருவரால் பிழிய முடியாது. நரசிம்மன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"கூட்டத்துல நீங்களே பேசுங்கம்மா."

"ஓம், பேசுறன்" என்றாள் ரஞ்சினி. "இப்ப மற்றப் பக்கம் முறுக்குங்கோ அங்கிள்."