ஒரே மனுஷருக்கு இரண்டு ஃபைல்

போன வருஷம் துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு, கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நடந்தது. என் கணவருக்கு அறுபத்தெட்டு வயது. காபிப் பொடி வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கியவர், அரை அடி உயரம்கூட இல்லாத ஒரு படியில் தடுமாறி விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. பத்து வருஷமாகச் சர்க்கரை. ஆறு மாதமாக, எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பால், தயிரை நிறுத்திவிட்டார். ராத்திரிக்கு நாலு வெள்ளரித் துண்டு. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு ஏரியைச் சுற்றுவார். சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து மெச்சிவிட்டார், அன்றிலிருந்து மனுஷரைப் பிடிக்க முடியவில்லை.

டாக்சியில் வழியெல்லாம் திட்டினேன்.

"ஒரு கரண்டி தயிர் சாதம் சாப்பிட்டா ஆகாசம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"டிரைவர் பாக்கறான், மெதுவாப் பேசு."

"பாக்கட்டும்!"

டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் பக்கம்தான் தலையாட்டினார்.

எலும்பு டாக்டர் எங்கள் மகன் வயதுக்காரர். கட்டுப் போட்டுவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேனைப் பார்த்தார். இது அப்படியொன்றும் மோசமில்லையே, இவ்வளவு சின்ன விழுதலுக்கு ஏன் உடைந்தது என்று யோசித்தார். சர்க்கரை எத்தனை வருஷமாக, என்ன மாத்திரை என்று கேட்டார். அந்தக் காகிதமெல்லாம் வீட்டில் இருக்கிறது என்றேன்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவள் நான். ஒரு விஷயத்தின் காகிதம் இன்னொன்றில் கலக்கக் கூடாது. வீட்டிலும் சர்க்கரைக்குப் பச்சை ஃபைல், எலும்புக்கு நீல ஃபைல். அந்த ஸ்கேன் எடுத்த சமயம் இதே டாக்டர் சர்க்கரை உண்டா என்று கேட்டபோது, "கொஞ்சம் இருக்கு, அதுக்கு வேற டாக்டர்" என்று, அது வேறு செக்ஷன் என்கிற தோரணையில் முடித்துவிட்டேன். என் கணவர் நடுவில் இரண்டு தடவை தலைசுற்றித் தடுமாறியதையும், விழுவது எலும்பு விஷயம் என்று நீல ஃபைலில் குறித்து வைத்தேன். சர்க்கரை டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

இப்போது ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாள்பட்ட சர்க்கரை இருந்தால், ஸ்கேனில் அடர்த்தி சுமாராகத் தெரிந்தாலும் எலும்பு வலுவிழந்திருக்கலாமாம். சரியாகச் சாப்பிடாமல் எடையைக் குறைத்தால் எலும்பும் சேர்ந்து இளைக்குமாம். மாத்திரை போட்டு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். இப்போது மணிக்கட்டோடு போயிற்று, அடுத்தது இடுப்பு என்றால் எழுந்து நடப்பதே கஷ்டம் என்றார். கடைசியில், பெரியம்மா என்கிற மாதிரி மாஷிமா என்று கூப்பிட்டு, வங்காளியில் கேட்டார்: "மாஷிமா, மனுஷர் ஒருத்தர்தானே? ஃபைல் ஏன் ரெண்டு?"

வெளியே வந்ததும் என் கணவர் கட்டுப் போட்ட கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது எந்த ஃபைல்ல போகும்?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பச்சை ஃபைலைப் பிரித்து நீல ஃபைலோடு சேர்த்துக் கட்டினேன்.

இப்போது எல்லாம் ஒரே ஃபைல். இரண்டு டாக்டரும் அதைத்தான் பார்க்கிறார்கள். மாத்திரையின் அளவு மாறிவிட்டது, அவர் முணுமுணுத்துக்கொண்டே தயிர் சாதம் சாப்பிடுகிறார். அவருடைய பிடிவாதத்தை வாய் ஓயாமல் திட்டிய எனக்கு, என்னுடைய ஒழுங்கும் ஒரு பிடிவாதம்தான் என்று புரிய அவர் எலும்பு உடைய வேண்டியிருந்ததே என்ற எரிச்சல் மட்டும் இன்றுவரை தீரவில்லை.