கமலாவின் நெஞ்சுச் சத்தம்

"வால்வு மாத்தினவங்க பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உட்காரு, காது தானா கேக்கும்" என்று எனக்கு முதலில் சொன்னவர் ஸ்டெல்லா சிஸ்டர். தஞ்சாவூரில் இதய நோய்ப் பிரிவில் நான் உதவியாளராகச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை அது. வால்வு மாற்றினவர்கள் ஆயுசுக்கும் தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சீட்டைத் தொலைத்துவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கும், துணைக்கு வந்து பெஞ்சைத் தேய்த்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

சாவி கொடுக்காத கடிகாரம்

கமலா திருத்துறைப்பூண்டிப் பக்கம், நடவுக்குப் போகிற பெண். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, மாதம் ஒரு பரிசோதனை. பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் நெஞ்சிலிருந்து 'டிக் டிக்' என்று கேட்கும். பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் கூச்சத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அவள் புருஷன் முருகையன்தான் சமாளிப்பார்: "எங்க வீட்டுல கடியாரமே வாங்கலீங்க. இதுக்கு சாவி வேணாம், மாத்திரை கொடுத்தா ஓடும்."

கீரைச் சண்டை

ஒரு மாதம் பரிசோதனையில் மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கேட்டால், மூன்று வாரமாக வேளைக்கு வேளை கீரை. "சாப்பிடு, ஆனா எப்பவும் ஒரே அளவா சாப்பிடு" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து கமலா என் காதில் சொன்னாள்: "வரப்புல சும்மா கெடைக்கிறது அது ஒண்ணுதான் அக்கா. அதுவும் போய் இந்த மாத்திரையோட சண்டை போடுது பாருங்க."

நான் சொன்ன விரதம்

மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைக்கவேண்டுமே என்று கமலா தவித்த வருஷம் அது. என் பிள்ளைகளுக்காக நான் இருந்த விரதம்தான் நினைவுக்கு வந்தது. "வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒன்பது நாள் விரதம் இரு" என்றேன். ஒரு வேளைச் சாப்பாடு, மீன் வேண்டாம், அவ்வளவுதான் நான் நினைத்தது.

பத்தாம் நாள் பரிசோதனைக்கு வந்தாள். படியேறியதற்கே மூச்சு வாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்கவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அப்போதும் இல்லை. டாக்டரம்மாவிடம் ஓடினேன். வால்வில் ரத்தம் உறைந்திருந்தது. மாத்திரை போட்டாயா என்று கேட்டதற்குத் திணறித் திணறிச் சொன்னாள்: "விரதமும் இருந்துகிட்டு மாத்திரையும் முழுங்கினா, மாதாவை நம்பாத மாதிரி ஆயிடாதா அக்கா?"

மூன்றாம் நாள் காலை

உறைந்ததைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். உயிர் தங்குமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. வராந்தாவில் ஜெபமாலையை உருட்டினேன். பாதி கமலாவுக்கு, பாதி என் வாய் செய்த பாவத்துக்கு. விரதம் இருக்கச் சொன்னது நான்தான் என்று முருகையனிடம் ஒப்புக்கொண்டேன். 

மூன்றாம் நாள் காலை கமலாவின் நெஞ்சருகே குனிந்த முருகையன், என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நானும் குனிந்தேன். டிக், டிக். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே யாருக்காச்சும் விரதம்னு சொன்னீங்கன்னா, மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்க அக்கா."

மகளுக்கு சீட்டு கிடைத்தது; இப்போது அவள்தான் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் காது தானாகச் சாய்கிறது. ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னபடி அன்றைக்கு வாயை மூடியிருந்தால், என் காதுக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது.

உங்கள் வீட்டில் வால்வு மாற்றினவர்கள் இருந்தால், விரத நாளிலும் "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.